இருண்ட திரையா, வெளிர் திரையா: நிரலாளர் கண்ணுக்கு எது இதம்?

நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டரை நிறுவிய கையோடு இருண்ட தீமுக்கு (கரிய பின்னணி, வெளிர் எழுத்து) மாறிவிடும் நிரலாளர்கள் ஏராளம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வேலை பார்த்தேன். மாலை நான்கு மணிக்கு மேல் அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாது. வெள்ளை எழுத்தைச் சுற்றி மெல்லிய புகை படிந்ததுபோல் இருக்கும். கண் மருத்துவர் சிலிண்டர் பவர் இருப்பதாகச் சொன்ன பிறகுதான் காரணம் விளங்கியது.

இருண்ட பின்னணியைப் பார்க்கும்போது கண்ணின் பாவை விரிகிறது. விரிந்த பாவை வழியே நுழையும் ஒளி விழித்திரையில் கூர்மையாகக் குவிவதில்லை. ஆஸ்டிக்மேட்டிசம், அதாவது சிலிண்டர் பவர் தேவைப்படும் பார்வைக் குறை, உள்ளவர்களுக்கு எழுத்து இன்னும் கசிந்து தெரியும். வெளிர் பின்னணியில் பாவை சுருங்குவதால் விளிம்புகள் துல்லியமாகின்றன. 2013இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், இளையோர், முதியோர் இரு சாராருமே வெளிர் பின்னணியில்தான் பிழைகளை நன்றாகக் கண்டுபிடித்தார்கள். பிழை தேடுவதுதானே நம் பாதி வேலை! எனவே வெளிச்சமான அறையில், பகலில், என் வாக்கு வெளிர் திரைக்கே.

விளக்கு மங்கிய அறையில் கதை வேறு. அங்கே வெள்ளைத் திரை கண்ணைக் கூசவைக்கும். இருண்ட தீம்தான் ஆறுதல். கண்புரை உள்ளவர்களில் பலருக்கும் அதுவே வசதி.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது சோலரைஸ்டு. ஈத்தன் ஸ்கூனோவர் 2011இல் வெளியிட்ட இந்த 16 வண்ணத் தொகுப்பில் இருண்ட வடிவமும் உண்டு, வெளிர் வடிவமும் உண்டு. தூய கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான ஒளி மாறுபாடு 21:1; அந்தக் கடுமையைக் குறைப்பதே இதன் நோக்கம். ஆனால் அளவு மீறிக் குறைத்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். இருண்ட வடிவத்தில் நிரலின் நடுவே வரும் குறிப்புரைகள், இணைய அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்கும் 4.5:1 அளவைக்கூட எட்டுவதில்லை. அடுத்தவருக்காக அக்கறையோடு எழுதிய விளக்கம், படிக்க முடியாத சாம்பல் கோடாகக் கிடக்கிறது. அந்த ஒரு நிறத்தையாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்துருவில் நான் பார்ப்பது ஒன்றுதான்: சிறிய எல், பெரிய ஐ, எண் 1 மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? நிரலாளர்களுக்கான ஜெட்பிரெய்ன்ஸ் மோனோ எழுத்துருவில் தெரிகின்றன; சிற்றெழுத்துகளும் உயரமாக இருக்கின்றன. அளவை இரண்டு புள்ளி கூட்டியபோது எனக்குக் கிடைத்த நிம்மதி எந்தத் தீம் மாற்றத்திலும் கிடைக்கவில்லை.

கண் வறண்டு எரிகிறது என்றால் தீமின் மேல் குறை சொல்லாதீர்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது. அதற்கு எந்த நிறமும் உதவாது.