பந்தியில் உட்காராத அம்மாச்சி: மதுரையில் மூன்று வாரமும் ஒரு கட்டு எக்ஸ்ரேயும்

"குடும்பத்தில் வேறு யாருக்காவது இடுப்பு மூட்டுத் தேய்மானம் உண்டா?" என்று பிரிட்டனில் நான் இருக்கும் லீட்ஸில் எலும்பு மருத்துவர் கேட்டபோது, யோசிக்காமல் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். ஷூ லேஸ் கட்டக் காலைத் தூக்க முடியவில்லை என்று போயிருந்தேன். எனக்கு வயது 46. தொடை எலும்பின் பந்துக்கு மேலே இடுப்பெலும்பின் கிண்ணம் சரியாகக் கூரை போடவில்லை, பாரமெல்லாம் ஓரத்தில் இறங்கி ஜவ்வு சீக்கிரம் தேய்ந்திருக்கிறது என்று படத்தில் காட்டினார். இது குடும்பங்களில் ஓடுகிற சங்கதி, ஊருக்குப் போனால் அம்மாவின் எக்ஸ்ரே கிடைக்குமா பாருங்கள் என்றும் சொன்னார்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். "எங்க ஆத்தா பந்தியில உக்காந்து நீ பாத்திருக்கியாய்யா?" என்றார்.

பார்த்ததில்லை. கல்யாண வீடுகளில் அம்மாச்சிக்குத் திண்ணையில்தான் சாப்பாடு. காலைத் தொங்கப்போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொள்ளும். பெரிய மனுஷிக்குத் தனி மரியாதை என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சம்மணம் போட முடியாமல்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், சின்ன வயதில் மாடு முட்டியது என்று சொல்லுமாம். அம்மாவுக்கும் காலை விரிக்க வராது. அது என்னைப் பெற்றபோது ஏறிய வாயுவாம். மாமாவுக்கு 52 வயதில் இடுப்பு மூட்டு மாற்றினார்கள், அது டி.வி.எஸ். 50இலிருந்து விழுந்ததால். மூன்று பேருக்கு மூன்று காரணம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இந்த வேலைக்காகவே மூன்று வாரம் விடுப்பு போட்டு மதுரை போனேன். ஊருக்குப் போகும்போது பெற்றோரின் மூட்டுக் கதையைத் தோண்ட நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். காலை எட்டு மணிக்கு டோக்கன், பதினொன்றரைக்கு மருத்துவர், மூன்று நிமிடம். அம்மா முட்டியைத் தொட்டுக் காட்டினார், அவர் முட்டிக்கு எக்ஸ்ரே எழுதினார். ஒரு ஊசி, ஒரு தைலம், ஒரு மாதத்துக்கு மாத்திரை. குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. அம்மா முட்டியைக் காட்டியதில் தப்பில்லை. இடுப்பு மூட்டுக்கும் முட்டிக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால், மேலே தேய்ந்தால் கீழே வலிப்பது உண்டு. அப்புறம் நம் பேச்சில் 'இடுப்பு' என்றாலே முதுகின் அடிப்பகுதிதான். பந்து மூட்டின் வலி வருவதோ தொடையிடுக்கில். அதைக் கையால் தொட்டு வெளியாளிடம் காட்ட எந்த அம்மாவுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டியது மருத்துவர்.

முட்டிப் படம் 72 வயதுக்கு நன்றாகவே இருந்தது. சரி, இடுப்புக்கூடு முழுவதற்கும் ஒரு படம் எடுங்கள் என்று ஸ்கேன் சென்டரில் கேட்டேன்.

"சீட்டுல முட்டிதானே சார் போட்டிருக்கு? முட்டி வலிக்கு எதுக்கு இடுப்பு?"

மறுபடியும் டோக்கன், மறுபடியும் மூன்று நிமிடம், புதுச் சீட்டு. படம் எடுப்பது மட்டும் மின்னல் வேகம்: 500 ரூபாய், இருபது நிமிடத்தில் கையில் ஃபிலிம். லீட்ஸில் இதற்கு நான் சில வாரங்கள் காத்திருந்தேன். ஆனால் கணினிக் கோப்பு கேட்டால், "வாட்ஸ்அப்புல அனுப்பியாச்சு சார்" என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வருவது சுருங்கிய படம், அதை வைத்துக் கோணம் அளக்க முடியாது. சிடி வேண்டும் என்றேன். 200 ரூபாய் தனி, அதுவும் 'சிஸ்டம் அண்ணன்' சாப்பிட்டு வந்த பிறகு. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார், நல்ல மனிதர். சிடி கேட்டு யாரும் வருவதில்லை, டிரைவே தூசி பிடித்துக் கிடக்கிறது என்றார்.

மாமாவின் படங்கள் கிராமத்து வீட்டுப் பரணில், மஞ்சப்பையில் இருந்தன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அரசு மருத்துவமனையில் ஒரு பைசா இல்லாமல் செய்துகொண்ட ஆபரேஷன். எட்டு வருடமாக வரப்பில் நடக்கிறார். குறை சொல்ல எதுவுமில்லை. ஃபிலிம்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பதமாகப் பிரித்ததில், ஆபரேஷனுக்கு முந்தைய படம் ஒன்று தப்பிப் பிழைத்தது.

இரண்டு படங்களையும் தெரிந்தவர் மூலம் ஒரு மூத்த எலும்பு மருத்துவரிடம் காட்டினேன். ஸ்கேலும் பென்சிலும் எடுத்து, பந்தின் நடுவிலிருந்து ஒரு நேர்கோடு, கிண்ணத்தின் விளிம்புக்கு ஒரு சாய்கோடு போட்டார். அந்தக் கோணம் 25 பாகைக்கு மேல் இருந்தால் நல்லது, 20க்குக் கீழே போனால் கிண்ணம் ஆழமில்லை என்று பொருள். அம்மாவுக்கு 19, மாமாவுக்கு 17. "வண்டியிலேருந்து விழுந்தது உண்மையா இருக்கலாம். ஆனா கிண்ணம் பிறவியிலேயே இப்படித்தான்" என்றார். நம் ஊரில் இடுப்பு மூட்டு மாற்றுகிறவர்களில் பலருக்கும் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவதுதான் காரணம், அதனால் மாமாவுக்கும் அதையே எழுதியிருப்பார்கள் என்றும் சொன்னார்.

இதற்கிடையில் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து தினமும் போன். எங்கேயோ என் நம்பர் போயிருக்கிறது. "முழு மரபணு டெஸ்ட் சார், 28,000, உங்களுக்காக 22,000. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்குவோம்." எதைத் தேடுவீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்தையும் சார்."

பணம் கட்டும் முன் சென்னையில் மரபியல் ஆலோசகர் ஒருவரைப் பார்த்தோம். வேலூர் சி.எம்.சி.யிலும் மரபியல் துறை உண்டு, எங்களுக்கு நாள் போதவில்லை. கட்டணம் 1,500 ரூபாய், நேரம் ஐம்பது நிமிடம். முழுப் பயணத்திலும் எங்களைப் பேசவிட்டுக் கேட்ட ஒரே மருத்துவ அறை அதுதான்.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவர்களைக் கறுப்பாக அடைப்பது, இறந்தவர்களுக்கு ஒரு குறுக்குக்கோடு. அம்மா சொல்லச் சொல்ல எங்கள் வம்சாவளியை அவர் வரைந்தார். மாமாவின் சதுரத்துக்கு வந்ததும், "இவர் யாரைக் கட்டியிருக்கார்?" என்றார். "என் மூத்த மகளைத்தான்" என்றார் அம்மா. அவர் சிரிக்காமல் ரப்பரை எடுத்து, கீழ்வரிசையிலிருந்த அக்காவின் வட்டத்தை மேலே ஏற்றி இரட்டைக்கோடு போட்டார். சொந்தத்தில் கட்டினால் இரட்டைக்கோடாம். அம்மாச்சிக்கும் தாத்தா அத்தை மகன்தான் என்றதும் இன்னொரு இரட்டைக்கோடு. தமிழ்நாட்டில் தாளில் இரட்டைக்கோடு இல்லாத நாள் குறைவு என்றார்.

பிறகு விளக்கினார். வயதில் வரும் சாதாரண இடுப்புத் தேய்மானத்துக்கு ஒரு மரபணு பொறுப்பில்லை. பல நூறு சிறு மாற்றங்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன. பிரிட்டனில் இரட்டையர் பெண்களை வைத்துச் செய்து 2000இல் வெளியான ஆய்வின்படி, ஒருவருக்கு வருவதும் இன்னொருவருக்கு வராததுமான வேறுபாட்டில் 60 சதவீத அளவுக்குப் பரம்பரை காரணம். ஜப்பானியர்களிடம் 2007இல் கண்ட ஜி.டி.எஃப்.5 மரபணு மாற்றம் அப்படிச் சிறிதாகத் தள்ளுகிற ஒன்று. ஐஸ்லாந்தில் சி.ஓ.எம்.பி. என்ற குருத்தெலும்பு மரபணுவில் மிக அரிதான ஒரு மாற்றத்தை 2017இல் கண்டுபிடித்தார்கள். அது உள்ளவர்கள் சராசரியாக 13.5 ஆண்டு முன்னதாகவே மூட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே வம்சாவளி மொத்தமும் கணினியில் இருக்கிறது, மூட்டு மாற்றியவர்களின் பட்டியலும் இருக்கிறது, இரண்டையும் கோத்துப் பார்த்துவிடுகிறார்கள். எங்கள் வம்சாவளி அம்மாவின் தலைக்குள் இருக்கிறது.

அந்த அறையில் என்னை உலுக்கியது அண்டை மாநிலத்துக் கதை. கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்தின் ஹந்திகோடு கிராமத்தை ஒட்டி, 1970களின் நடுவில், தலித் குடும்பங்கள் பலவற்றில் இளம் வயதிலேயே இடுப்பு மூட்டு சிதைவது வெளியே தெரிந்தது. சிலர் குள்ளமாகவும் இருந்தார்கள். வயலில் பூச்சி மருந்து அடித்திருக்கிறார்கள், அந்த வயல் நண்டைத் தின்றதால்தான் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்கு நேராக இறங்கும் மரபுக் கோளாறு என்று வம்சாவளி வரைந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. எங்கள் வீட்டு மாடும் டி.வி.எஸ். 50உம் அந்த நண்டைப் போலத்தான் என்று தோன்றியது.

வீட்டில் எந்தக் குழந்தைக்காவது மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள் விரல் மூட்டுகள் தடித்ததா, முடக்குவாதம் என்று மருந்து கொடுத்தார்களா என்று இரண்டு முறை கேட்டார். சொந்தத்தில் கட்டிய இந்தியக் குடும்பங்களில் அப்படியொரு நோய் பதிவாகியிருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஒரே மரபணு வந்து சேர்ந்தால்தான் வரும். ரத்தத்தில் அழற்சி தெரியாது, கடைசியில் இடுப்பும் போய்விடும். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. எல்லோரும் நல்ல உயரம், நாற்பதுக்கு முன் யாரும் படுக்கவில்லை. "அப்ப அந்த 22,000 ரூபாய் டெஸ்ட் வேண்டாம். அதுல வர்றது உங்களுக்கு உதவாது" என்றார். பென்சிலைத் தாளின் கடைசி வரிசையில் வைத்து, "இந்தக் குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

அக்கா மகளின் குழந்தை, ஏழு வாரம். தலைச்சன் பெண் குழந்தை, தலை திரும்பாமல் சிசேரியன், குடும்பத்தில் ஆழமில்லாத கிண்ணம். எல்லாமே இடுப்பு மூட்டு விலகும் வாய்ப்பைக் கூட்டுபவையாம். அந்த வயதில் பந்து இன்னும் எலும்பாகவில்லை என்பதால் எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்டுதான். சீக்கிரம் கண்டால் காலை விரித்து வைக்கும் ஒரு வார்ப்பட்டையே போதும். காலை நீட்டி இறுக்கிச் சுற்றாதீர்கள், இடுப்பில் தூக்கி வைக்கிற நம் பழக்கம் நல்லது என்றார். அம்மாவுக்கு வந்த பெருமிதத்தைப் பார்க்க வேண்டுமே.

மதுரையில் ஐந்து சென்டருக்குப் போன் செய்தேன். மூன்று இடத்தில் "பச்சைக் குழந்தைக்கு இடுப்பு ஸ்கேனா?" என்றார்கள். ஐந்தாவது இடத்தில் ஒரு பெண் மருத்துவர் பொறுமையாக எடுத்தார். இடது பக்கம் நலம். வலது பக்கக் கோணம் 56. 60 இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் இது முதிராத மூட்டாக இருக்கலாம், பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஆறு வாரம் கழித்துக் கட்டாயம் மறுபடி காட்டுங்கள் என்றார்.

அதற்குள் என் விடுப்பு முடிந்தது. லீட்ஸ் மருத்துவர் அம்மாவின் சிடியைத் திறந்து, அதே 19 பாகையைத் தானும் அளந்துகொண்டார். குழந்தையின் அடுத்த ஸ்கேன் வரும் 28ஆம் தேதி. அக்காவிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்: வாட்ஸ்அப் படம் போதாது, சிஸ்டம் அண்ணன் சாப்பிட்டு வரும்வரை இருந்து சிடி வாங்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று.