இனத்துக்கேற்ற கவசம்: தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் பற்றி ஒரு மதிப்புரை

இந்த இணையவழிப் பாத்திர விளையாட்டில் கவசம் செய்யக் கைவினை மேசைக்குப் போனால், தோலும் இரும்பும் மட்டும் போதாது. எந்த இனத்தின் பாணியில் கவசம் அமைய வேண்டும் என்று மேசை கேட்கும். அந்தப் பாணிக்குரிய சிறு பொருள் ஒன்றையும் எடுத்துக்கொள்ளும். சிவப்பு மலையின் எரிமலை நிழலில் வாழ்கிற டன்மருக்கு ஆப்சிடியன், பிறக்கும்போது இரு நிலவுகளும் நிற்கும் நிலையைப் பொறுத்து உருவம் பெறுகிற காஜீட்டுக்குச் சந்திரகாந்தக்கல், காட்டின் மரத்தையும் செடியையும் தொடமாட்டோம் என்று சபதம் எடுத்த போஸ்மருக்கு எலும்பு. பெரும்பாலோர் இதைக் கவனிக்காமல் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். கதை நடக்கும் டாம்ரியல் கண்டத்தின் வரலாற்றைப் படித்தவருக்கோ, அந்தத் துண்டு எலும்பில் ஓர் இனத்தின் கதை முழுவதும் அடங்கியிருப்பது தெரியும்.

2014 ஏப்ரலில் கணினிக்கு வெளிவந்த இந்த விளையாட்டை, இனம், கிளாஸ் (பாத்திரத்தின் போர்முறையையும் திறன்களையும் வகுக்கும் வகை), கவசம் ஆகிய மூன்றும் கதையுலகோடு ஒத்துப்போக வேண்டும் என்று எண்ணுகிறவரின் கண்ணோடு மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். அந்த வகையில், நான் ஆடியவற்றுள் இதைவிட நிறைவான விளையாட்டு வேறில்லை. ஆனால் பொருத்தமாக இருக்க வேண்டும் என்று அது யாரையும் வற்புறுத்துவதில்லை. தேவையானதையெல்லாம் கண்ணெதிரே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. தேடி எடுப்பது நம் வேலை.

முதலில் காலத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே கதை நடப்பது இரண்டாம் யுகம் 582-இல், அதாவது இதே தொடரின் ஸ்கைரிம் விளையாட்டின் நிகழ்வுகளுக்கு ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்னால். ஸ்கைரிமை ஆடிப் பழகியவர்கள் தங்கள் நோர்ட் இன வீரனை ஸ்டார்ம்கிளோக் என்னும் கிளர்ச்சிப் படையைச் சேர்ந்தவன் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் படை பிறக்க இன்னும் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. நோர்ட், டன்மர், ஆர்கோனியன் ஆகிய மூன்று இனத்தாரும் 572-இல் அகாவிர் என்னும் வேறு கண்டத்தவரின் படையெடுப்பை எதிர்த்து ஒன்றாக நின்றதன் விளைவாகத் தோன்றிய எபன்ஹார்ட் கூட்டணிதான் இக்காலத்து உண்மை. டன்மரின் பெருங்குலங்களுள் ஒன்றான டெல்வானி குலத்தார் அதில் சேரவும் இல்லை, தங்கள் ஆர்கோனிய அடிமைகளை விடுவிக்கவும் இல்லை. ஆகவே கூட்டணிக்காகப் போரிடும் டன்மர் ஒருவருக்கு டெல்வானிப் பாணிக் கவசத்தை அணிவிப்பவர், அவர் ஏன் தம் குலத்தை விட்டு வெளியேறினார் என்பதையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும். கவசம் கேட்கும் இந்தக் கேள்வியிலிருந்தே நல்ல பாத்திரங்கள் பிறக்கின்றன என்பது என் அனுபவம்.

நான் அதிக காலம் ஆடிய பாத்திரம் ஒரு போஸ்மர் வில்லாளி. வேலன்வுட் காட்டின் மரஞ்செடிகளுக்குத் தீங்கு செய்வதில்லை, புலாலை மட்டுமே உண்பது என்று போஸ்மர்கள் தங்கள் தெய்வம் யிஃப்ரேயிடம் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பசுமை ஒப்பந்தம் என்று பெயர். கிளாஸாக நைட்பிளேடைத் தேர்ந்தேன். மறைந்து நின்று ஒரே அம்பில் வேட்டையை முடிக்கிற இனத்துக்கு நிழலோடு பழகுகிற கிளாஸ் இயல்பாகவே ஒட்டிக்கொண்டது. கவசம் நடுத்தர வகை, தோலால் ஆனது, பாணி எலும்பு. தோள்பட்டையில் பெரிய உலோகத் தகடுகள் கொண்ட வேறு பாணிகள் பார்க்க அழகாக இருந்தும் அவற்றைத் தவிர்த்தேன். சாயத்தில் பழுப்பும் மங்கிய எலும்பு வெள்ளையும் மட்டும். வில்தான் இடித்தது. மேசையில் வில் செய்ய வேண்டுமென்றால் மேப்பிள், ஓக் என்று மரப்பலகைதான் வேண்டும்; போஸ்மர் பாணி வில்லுக்கும் இதே விதிதான். ஆனால் ஒப்பந்தம் வேலன்வுட்டின் தாவரங்களை மட்டுமே காக்கிறது. வெளிநாட்டு மரத்துக்குத் தடையில்லை. எனவே வேலன்வுட் எல்லைக்குள் கிடக்கும் மரக்கட்டை ஒன்றையும் எடுப்பதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டு, தேவையான மரத்தைப் பிற நாடுகளில் மட்டும் சேகரித்தேன். ஒரு போஸ்மர் தன் காட்டிலேயே கட்டையை அள்ளிக்கொண்டு போனாலும் இந்த விளையாட்டு ஒன்றும் சொல்வதில்லை. இவ்வளவு ஆழமான ஒரு வழக்கத்தை நூல்களில் எழுதி வைத்துவிட்டு, விளையாடும் கைக்கு அதை உணர்த்தாமல் விட்டது எனக்குக் குறையாகவே படுகிறது.

முரண்பாட்டையே பொருத்தமாக மாற்றிக்கொள்ளவும் இங்கே இடமுண்டு. ரெட்கார்ட் மக்களுக்கு எழுந்து நடமாடும் பிணமும் முன்னோரின் உடலே. அதன்மேல் வாளை ஓங்குவது பெரும் பாவம். அந்தப் பாவத்தை ஊருக்காகத் தாங்கள் சுமந்து, அதன் பலனாக ஊரால் ஒதுக்கப்பட்டு, ஆலிக்கிர் பாலைவனத்தில் அலைகிறவர்கள் ஆஷ்அபா என்னும் குடியினர். ரெட்கார்டின் இனச் சிறப்புகள் ஸ்டாமினா என்னும் உடலாற்றலையும் ஆயுதத்தையும் ஒட்டியவை என்பதால் டெம்ப்ளர் கிளாஸை அவர்களுக்குப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒளியாலும் ஈட்டியாலும் போரிடும் டெம்ப்ளரை, இறந்தோரின் ஆன்மாவைக் காக்கும் துவாக்கா தெய்வத்தின் அருள் பெற்ற ஆஷ்அபா வீரராகக் கண்டால், அதைவிடக் கனமான ரெட்கார்ட் பாத்திரம் அமைவது அரிது. துவாக்காவின் ஒளி என்பது என் வாசிப்பு. ஆனால் ஆலிக்கிர் பகுதியின் பணிகளை ஆடி முடித்தவருக்கு அது வலிந்து ஒட்டியதாகத் தோன்றாது.

டிராகன்நைட் கிளாஸின் கலைகள் பழைய அகாவிரிய வீரர்களிடமிருந்து வந்தவை என்று விளையாட்டே சொல்கிறது. அந்த அகாவிரியர்கள் ரேமன் வம்சத்துப் பேரரசர்களிடம் தோற்று, பின்பு அவர்களுக்கே பணி செய்தவர்கள். ஆகவே கோல்ட்ஸ்கேல் கொண்டு செய்யும் அகாவிரியப் பாணிக் கனரகக் கவசம் அணிந்த இம்பீரியல் டிராகன்நைட், மூன்று கூறும் ஒன்றையொன்று தாங்கி நிற்கிற தேர்வு. இம்பீரியல் இனம் தனி விலைக்குரியதாகவே வெளிவந்தது என்பதை மட்டும் புதியவர் நினைவில் கொள்ளட்டும். 2022-இல் வந்த ஹை ஐல் பகுதியில் இயற்கையை வழிபடும் துருயிதுகளைப் பார்த்த பிறகு, இயற்கையின் ஆற்றலால் போரிடும் வார்டன் கிளாஸை ஏற்ற பிரெட்டன் இனத்தவருக்கும் நான் விளக்கம் தேட வேண்டியிருக்கவில்லை.

2018 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட அவுட்ஃபிட் நிலையம் கதையுலகை மதிப்பவருக்குக் கிடைத்த பெரிய வரம். அதற்கு முன்பு, சண்டைக்கு உதவும் கவசம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பாத்திரமும் தெரிந்தது. தலைக்கு ஓர் இனத்தின் பாணி, காலுக்கு வேறோர் இனத்தின் பாணி என்று கலவையாக நிற்க வேண்டியிருந்தது. இப்போது தலை, தோள், மார்பு, கை, இடை, கால், பாதம் என்று ஏழு இடங்களுக்கும், ஆயுதங்களுக்கும் தனித்தனியே தோற்றம் தேர்ந்து, விளையாட்டுப் பொற்காசைக் கட்டிவிட்டால் போதும். ஒரு பாத்திரத்துக்கு ஒரு அவுட்ஃபிட் இலவசம். கூடுதலாக வேண்டுமானால், உண்மைப் பணத்துக்கு வாங்கும் கிரவுன் நாணயத்தைச் செலவிட வேண்டும். எடையைப் பற்றிய கட்டுப்பாடு ஏதும் இல்லாததால், துணிக் கவசம் அணிந்த மந்திரவாதி முழு இரும்புத் தகட்டில் தோன்ற முடிகிறது. இந்தச் சுதந்திரத்தை நான் குறை சொல்லவில்லை; என் பாத்திரங்களில் மட்டும் எடையும் தோற்றமும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

நெக்ரோமான்சர் கிளாஸ் 2019-இல் எல்ஸ்வேர் என்னும் விரிவாக்கத்துடன் வந்தபோது விளையாட்டு ஒரு நல்ல காரியம் செய்தது. ஊர் மக்கள் பார்க்கப் பிணத்தை எழுப்பும் கலைகளைப் பயன்படுத்தினால் அது குற்றமாகப் பதிவாகும், காவலர்கள் துரத்துவார்கள். கதையுலகம் வெறுக்கிற ஒன்றை விளையாட்டின் விதியும் வெறுக்கிறது. பசுமை ஒப்பந்தத்துக்கும் ரெட்கார்டின் வழக்கத்துக்கும் இப்படி ஒரு விதி இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கம் அப்போதுதான் எனக்கு வந்தது. அதற்கு நேர்மாறான திசையில் 2025 ஜூனில் சப்கிளாஸிங் வந்தது. ஐம்பதாம் நிலையை எட்டியவர் தம் கிளாஸின் திறன் வரிசையை விட்டுவிட்டு வேறு கிளாஸின் வரிசையை எடுத்துக்கொள்ளலாம். சண்டைக்கு அது தரும் வலிமையை மறுக்கவில்லை. ஆயினும் டெம்ப்ளரின் ஒளியையும் நெக்ரோமான்சரின் பிணத்தையும் ஒரே கையில் ஏந்துகிற பாத்திரத்துக்கு வரலாறு எழுதுவது எளிதன்று. நைட்பிளேடும் வார்டனும் கலந்த போஸ்மர் போன்ற சேர்க்கைகளுக்கு இதே வசதி அருமையாகப் பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர் கிரவுன் கடைக்குப் போவதற்கு முன்பு வீடுகளின் மேசை இழுப்பறைகளைத் திறந்து பார்க்கட்டும். அடிப்படை இனங்களின் பாணி நூல்கள் அங்கேயே கிடைக்கின்றன. சொந்த இனத்தின் பாணி தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும். அலமாரிகளில் இருக்கும் நூல்களில் ஷாலிடோரின் நூலகம் என்னும் தொகுப்புக்குரியவற்றைச் சேர்த்தால் மந்திரவாதிகள் சங்கத்தில் நிலையும் உயரும். என் வில்லாளியின் எலும்புக் கவசத்துக்கு நான் ஒரு கிரவுன்கூடச் செலவிடவில்லை.