தேடல் பெட்டிக்குக் கண்டிப்பான தொடரியலா, பொறுத்துப்போகும் தொடரியலா?

தொடரியல் என்பது தேடலை எழுதும் விதி. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ஒரே தேடலுக்கு இரண்டு வாசல்கள், அதாவது இரண்டு செயற்கூறுகள், உண்டு. டு_டிஎஸ்குவெரியிடம் (to_tsquery) இடைவெளி விட்டு ‘மழை வெள்ளம்’ என்று கொடுத்தால் தொடரியல் பிழை என்று நின்றுவிடும்; நடுவில் & (மற்றும்) போன்ற ஒரு குறியைப் போட்டே ஆக வேண்டும். 2018-இல் பதிப்பு 11-உடன் வந்த வெப்சர்ச்_டு_டிஎஸ்குவெரி (websearch_to_tsquery) எதைக் கொடுத்தாலும் பிழை சொல்லாது. இடைவெளி என்றால் இரண்டும் வேண்டும், மேற்கோள் என்றால் சொற்றொடர், முன்னால் கழித்தல் குறி என்றால் வேண்டாம். அவ்வளவுதான்.

பொதுமக்கள் தட்டச்சு செய்யும் பெட்டிக்கு நான் இரண்டாவது பக்கம்தான். ஆனால் அதற்கும் விலை உண்டு. சொற்களைக் குழுவாக்கும் அடைப்புக்குறி அதற்குப் புரியாது. ‘மழை அல்லது புயல், கூடவே சேதம்’ என்று கேட்க நினைத்து எழுதினால், ‘மழை, அல்லது புயலும் சேதமும்’ என்று எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியும் வராததால், தவறான விடையைச் சரியென்று நம்பிவிடுவோம்.

கண்டிப்பானதுதான் தெளிவானது என்றும் சொல்ல முடியாது. லூசீன் என்ற தேடல் நிரலகத்தின் பழைய பாகுபடுத்தியில் (தேடலைப் படித்துப் பிரிக்கும் பகுதி) ‘அ ஆர் ஆ ஆண்ட் இ’ (ஆர், OR: அல்லது; ஆண்ட், AND: மற்றும்) என்று எழுதினால், ஆவும் இயும் கட்டாயம் என்றாகி, ‘அ’ முடிவுகளை வரிசைப்படுத்தும் மதிப்பெண்ணை மட்டும் கூட்டும் சொல்லாகிவிடும். பள்ளியில் படித்த தருக்கம் இதுவல்ல. யாராவது ‘பிழை:கோப்பு’ என்று எங்கிருந்தோ ஒட்டினால், ‘பிழை’ என்ற புலத்தை (தலைப்பு, ஆசிரியர் போல ஆவணத்தின் ஒரு பகுதி) தேடி வெறுங்கையோடு திரும்பும்.

அப்புறம் சொற்களா, குறிகளா என்ற கேள்வி. லூசீனில் ஆண்ட், ஆர் இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே இல்லை. ஒரு சொல்லுக்காக விசைப்பலகையை மாற்றி, பிறகு திரும்பி வர வேண்டும். வெப்சர்ச் வகையும் ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சொல்லையே கேட்கிறது. இந்த இடத்தில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறியின் சிம்பிள்_குவெரி_ஸ்ட்ரிங் (simple_query_string) எனக்குப் பிடிக்கும்: + (மற்றும்), | (அல்லது), - (வேண்டாம்), அடைப்புக்குறி எல்லாம் குறிகள், தவறு இருந்தாலும் உடையாது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சொற்களுக்கு நடுவே குறி போடாவிட்டால் அதன் இயல்புநிலை ‘அல்லது’. அப்படியே விட்டால் ‘மழை -புயல்’ என்பது ‘மழை உள்ளவை, அல்லது புயல் இல்லாதவை’ என்றாகி, கிட்டத்தட்ட எல்லா ஆவணங்களும் வந்து கொட்டும். இயல்புநிலையை ‘மற்றும்’ என்று மாற்றி, தேடலைத் தான் எப்படிப் புரிந்துகொண்டது என்பதை முடிவுகளுக்கு மேலே ஒரு வரியில் காட்டுங்கள்.