கோத்தகிரியிலிருந்து மேப்பிங்குக்குப் போன கதை

ஊரில் மற்றதெல்லாம் வழக்கம்போல்தான், நேராக மேப்பிங், அதாவது காதுக்குள் வைத்த கருவியின் சத்த அளவுகளைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். தங்கை மகனுக்கு நான்கு வயது, முதலமைச்சர் காப்பீட்டில் வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் பொருத்தி, கேட்கும் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி) வைத்திருக்கிறது. நான் இருக்கும் லண்டனில் குழந்தைகளுக்கு இரண்டு காதிலும் ஒரே சமயத்தில் வைக்கலாம் என்று 2009லேயே பரிந்துரை வந்துவிட்டது. சரி, இருக்கிற ஒரு காதையாவது ஒழுங்காக வைத்துக் கொடுக்க வேண்டாமா?

விடியும் முன்பே கிளம்பினோம். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் பையன் வாந்தி எடுத்து, கோவை போய்ச் சேரும்போது துவண்டு கிடந்தான். உள்ளே போனால் அதே பழைய முறை, சத்தம் கேட்டால் கட்டையை டப்பாவில் போட வேண்டும். அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளை எதைப் போடுவான்? "ஒத்துழைக்க மாட்டேங்கறானுங்க, அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த தங்கை "சரிங்க மேடம்" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை, மலையிலிருந்து இறங்கி வருவது என்றால் என்னவென்று யாருக்காவது தெரிகிறதா?

அப்போதுதான் பக்கத்து அறையிலிருந்து ஓர் இளம் ஆடியாலஜிஸ்ட் பெண் (காது கேட்பதைச் சோதிக்கும் நிபுணர்) வந்து, "இருங்கண்ணா, ரிஃப்ளெக்ஸ் பார்த்துடலாம்" என்றார். இடது காதில் ஒரு சின்ன புரோபை (சோதனை முனையை) வைத்தார். பையன் கையில் சத்தமில்லாமல் கார்ட்டூன் ஓடும் போன். வலது பக்கம் வெளியே மாட்டும் பிராசஸரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, உள்காதில் இருக்கும் மின்முனைகளை, ஒவ்வொரு எலக்ட்ரோடாகத் தூண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். சத்தம் பலமானால் நடுக்காதில் இருக்கும் குட்டித் தசை தானாகச் சுருங்குமாம், இரண்டு காதிலுமே. சுருங்கியதும் திரையில் கோடு இறங்கியது. பிள்ளை வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அசையாமல் இருந்தால் போதும்.

இதற்கு முன் போட்ட மேப் (ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் வைத்த அளவுகள்) என்ஆர்டி என்கிற நரம்புச் சோதனையின் அளவை வைத்துப் போட்டது. அது நரம்பு பதில் தருகிறதா என்று நேரடியாகக் காட்டுகிற நல்ல அளவுதான், ஆனால் அது லேசாகக் கேட்கிற அளவுக்கும் வசதியாகத் தாங்குகிற மேல் அளவுக்கும் நடுவில் எங்கேயாவது விழும், ஆளுக்கு ஆள் மாறும். மேல் அளவுக்கு ரிஃப்ளெக்ஸ்தான் இன்னும் நெருக்கமாக வரும் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். பார்த்தால், பழைய மேப்பில் கீச்சுச் சத்தங்களுக்கான எலக்ட்ரோடுகளில் மேல் அளவு அதிகமாகவே இருந்தது. குக்கர் விசில் அடித்தால் இவன் தலையில் ஒட்டியிருக்கும் காயிலைப் பிடுங்கி எறிவானே, அதைத்தான் வீட்டில் எல்லாரும் பிடிவாதம் என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு கனத்துப் போனது.

இத்தனை வசதி அடுத்த அறையிலேயே இருக்க, ஒரு குடும்பத்தை மலைக்குத் திருப்பி அனுப்பப் பார்த்தது அநியாயம். அந்தப் பெண் மட்டும் நன்றாக இருக்கட்டும்.

நம் பக்கத்துப் பெற்றோர் யாராவது படித்தால், அடுத்த முறை ரிஃப்ளெக்ஸ் பார்ப்பீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சிலருக்கு அது வராமலும் போகலாம். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் பெரும்பாலும் வராது, மழை மாதங்களில் நம் பிள்ளைகளுக்கு அதுதானே நிலைமை, அதனால் மலை இறங்கும் முன் போன் செய்து தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்ததும் புது மேப்பின் அளவுகளை ஒரு தாளில் வாங்கி ஃபைலில் வையுங்கள்.