சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிவிடிகளை ஒன்றாக்கிக் கொடுத்த கடை

அக்கா கல்யாணம், தம்பி காதுகுத்து, தாத்தா பாட்டி சதாபிஷேகம் என்று வீட்டில் தனித்தனியாகக் கிடந்த டிவிடிகளிலிருந்து வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கி ஒரே டிஸ்க்கில் போடச் சொல்லி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மாடிக் கடையில் கொடுத்தோம். வேலை சுத்தம். டிஸ்க்கைப் போட்டதும் திரையில் வரும் மெனு மட்டும் கண்றாவி.

முக்கியமான விஷயம், படத்தை மறுபடி என்கோட் செய்யாமல், அதாவது திரும்பவும் சுருக்காமல், அப்படியே வெட்டி ஒட்டுகிறார்கள். டிவிடியில் இருப்பது ஏற்கெனவே சுருக்கிய எம்பெக்-2 வடிவ வீடியோ, அதை இன்னொரு தடவை சுருக்கினால் பட்டுப்புடவை ஜரிகையெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். இந்த முறையில் நினைத்த இடத்தில் துல்லியமாக வெட்ட முடியாது, அரை விநாடி முன்னே பின்னே போகும், போகட்டும். டிவிடியில் வீடியோ 1 ஜிபி துண்டுகளாகத்தான் இருக்கும், காதுகுத்து சரியாக இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் மாட்டியிருந்தது. ஆசாரி ஊசியை எடுப்பதிலிருந்து தம்பி வீறிடுவது வரை ஒரு குலுங்கல்கூட இல்லாமல் சேர்த்திருக்கிறார்கள்!

4.7 ஜிபி டிஸ்க்கில் நல்ல தரத்தில் சுமார் 2 மணி நேரம்தான் கொள்ளும், அதனால் பந்தி காட்சிகளைக் குறைக்கச் சொன்னார்கள், நியாயம்தான். ஆனால் மெனுவில் ரோஜா இதழ் கொட்டுகிறது, பெயரோ 'கிளிப் 1', 'கிளிப் 2'. எது யார் விசேஷம் என்று எப்படித் தெரியும்? தலைப்புகளை எழுதியே கொடுத்துவிடுங்கள். அப்புறம், பென் டிரைவிலும் ஒரு காப்பி கேளுங்கள், இப்போது வரும் லேப்டாப்களில் டிஸ்க் போட இடமே இல்லை.