மொஸார்ட்டின் கிளாரினெட்: பிரைமரா, சபினே மேயரா?

பாலக்காட்டுக் கல்பாத்தியில் எங்களுக்குக் கிளாரினெட் என்றால் அதில் கர்நாடக இசை வாசித்த ஏ.கே.சி. நடராஜன்தான். அப்புறம்தான் மொஸார்ட் வந்தார். அவர் 1791-ல் எழுதிய கிளாரினெட் கான்செர்ட்டோவின் (இசைக்குழுவோடு ஒரு தனி வாத்தியம் வாசிக்கும் படைப்பு) இரண்டு பதிவுகளை மாறி மாறிக் கேட்கிறேன்.

ஜாக் பிரைமர் கிளாரினெட் வாசித்து, தாமஸ் பீச்சம் இசைக்குழுவை நடத்தியது ஒன்று. அவசரமே இல்லாத நடை. நீண்ட ஸ்வரங்களில் பிரைமர் தரும் மெல்லிய அசைவு, கமகத்தில் ஊறிய நம் காதுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். பழைய பதிவுதான், ஒலி கொஞ்சம் மங்கல். அது எனக்குக் குறையாகப் படவில்லை.

சபினே மேயருடையது வேறு. மொஸார்ட் இதை அன்டன் ஸ்டாட்லர் என்ற கிளாரினெட் கலைஞரின் பாசெட் கிளாரினெட்டுக்காக எழுதினார். சாதாரணக் கிளாரினெட்டைவிட அது நான்கு அரைஸ்வரம் கீழே இறங்கும். மூலக் கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனது. அச்சில் வந்ததோ சாதாரண வாத்தியத்துக்கு மாற்றியமைத்தது. அதனால் பிரைமரிடம் மந்திர ஸ்தாயிக்கு இறங்கிவரும் வரி சில இடங்களில் சட்டென்று மேலே தாவிவிடும். பாசெட் கிளாரினெட் வாசிக்கும் மேயரிடம் அதே வரி அடிவரை இறங்குகிறது. அந்த இருண்ட, மர வாசனை அடிக்கும் நாதத்துக்காகவே கேட்கலாம். அசைவில்லாத நேர் ஒலி அவருடையது. மெதுவான நடுப்பகுதியில் முதல் மெட்டு திரும்பும்போது ஒலியை மூச்சளவுக்குக் குறைக்கிறார், சுருதி நகர்வதில்லை.

முதன்முதலாகக் கேட்பவருக்குப் பிரைமரைக் கொடுப்பேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், மேயர்.