பவளத் தொட்டிக்கு வெள்ளை ஒளியா, நீல ஒளியா?

உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு விளக்கு வாங்கப் போனால் 10,000 கெல்வின் வெள்ளையா, 20,000 கெல்வின் நீலமா என்ற கேள்வி வந்தே தீரும். கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு.

வெள்ளையில் தொட்டி பகல் போலத் தெளிவாக இருக்கும். மெட்டல் ஹேலைடு என்ற பழைய வகை விளக்குகளின் காலத்தில் அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தை வேகமாக வளர்க்கப் பலர் இதைத்தான் நம்பினார்கள். ஆனால் பவளத்தின் நிறம் எடுபடாது, பழுப்பாகத் தெரியும்.

நீலத்தில் கதையே வேறு. 450 நானோமீட்டர் ஒளி பட்டதும் பவளத்திலுள்ள ஒளிர் புரதங்கள் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னும். பாலிப்பின், அதாவது பவளத்தின் ஒவ்வொரு குட்டி உயிரின், வாயைச் சுற்றி ஒரு வளையம் தனியாக எரிவது போலிருக்கும். பவளத் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளும் இந்த ஒளியை நன்றாக உறிஞ்சித்தான் உணவு தயாரிக்கின்றன. அதனால் நீலம் வைத்தால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். சிக்கல் நம் கண்ணில். நீலம் மங்கலாகத் தெரிவதால் ஒளியின் அளவை ஏற்றிவிடுகிறோம்; அப்புறம் பவளத்தின் நுனிகள் வெளுக்கின்றன. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் (PAR) மீட்டரால் அளந்துவிடுங்கள். அக்ரோபோராவுக்கு பார் அளவு 200 முதல் 350 வரை, மென்மையான தோல் பவளத்துக்கு (லெதர் கோரல்) 100 போதும்.

என் தேர்வு நீலம்தான். மதியம் 4 மணி நேரம் மட்டும் வெள்ளையைக் கொஞ்சம் சேர்ப்பேன். புது விளக்கென்றால் பாதி அளவில் தொடங்கி, வாரத்துக்கு 5 சதவீதம் ஏற்றுங்கள்.